பள்ளிக் கணினி ஆய்வகம்: எழுந்து போனவரின் கணக்கைத் தானாக மூடுவதற்கு முழுமையான வழிகாட்டி

மணி அடித்ததும் ஒன்பதாம் வகுப்பு ஆய்வகத்தை விட்டு ஓடுகிறது. இரண்டு நிமிடத்தில் எட்டாம் வகுப்பு உள்ளே வந்து உட்காருகிறது. முன்னவர் திறந்து வைத்த ஜிமெயிலும் பாதியில் நின்ற கட்டுரையும் அப்படியே திரையில் இருக்கின்றன. சில நாட்களில் ஆசிரியர் திறந்து வைத்த எமிஸ் (கல்வித் துறையின் மாணவர் விவரத் தளம்) பக்கமும் இருக்கும். அதில் ஒரு வகுப்பின் அத்தனை பிள்ளைகளுடைய பிறந்த தேதியும் பெற்றோரின் கைப்பேசி எண்ணும் உண்டு. யாரும் தவறு செய்ய நினைக்கவில்லை. ஆனாலும் ஒரு பிள்ளையின் பெயரில் இன்னொரு பிள்ளை மின்னஞ்சல் அனுப்பிவிடலாம், வீட்டுப்பாடத்தை அழித்துவிடலாம். பழி முதலாமவர் தலையில் விழும்.

"போகும்போது வெளியேறிவிட்டுப் போங்கள்" என்று சொல்லிச் சொல்லிப் பார்க்காத கணினி ஆசிரியர் இருக்க முடியாது. சொல்ல வேண்டியதுதான்; ஆனால் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. சில நிமிடங்கள் யாரும் தொடாமல் இருந்தால் கணினி தானே அந்தக் கணக்கை மூட வேண்டும். அதே சமயம், அப்படி மூடும்போது பிள்ளையின் உழைப்பில் ஒரு வரிகூடத் தொலையக் கூடாது. இரண்டாவது நிபந்தனையைக் கண்டுகொள்ளாமல் முதலாவதை மட்டும் நிறைவேற்றும் ஏற்பாடு ஒரே வாரத்தில் எல்லோருடைய வெறுப்பையும் சம்பாதித்துக்கொள்ளும். பிறகு யாராவது அதை அணைத்துவிடுவார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் தானாக மூடும் ஏற்பாட்டுக்கு முன் சேமிக்கும் ஏற்பாட்டை வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பூட்டுவது போதாது

பல பள்ளிகளில் பத்து நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ளும்படி வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் ஒருவருக்கு ஒரு கணினி. அங்கே பூட்டுதான் சரி. பொதுக் கணினியில் அதே பூட்டு புதிய தொல்லைகளைக் கொண்டுவரும்.

பூட்டிய கணக்கு முடிந்துபோன கணக்கு அல்ல. அதன் பிரவுசரும் ஆவணங்களும் நினைவகத்தில் ஓடிக்கொண்டே இருக்கின்றன. விண்டோஸில் அடுத்த மாணவர் வேறு பயனராக உள்ளே நுழையலாம். பழைய கணக்கு பின்னால் அப்படியே கிடக்கும். மதியத்துக்குள் ஒரே கணினியில் மூன்று நான்கு கணக்குகள் அடுக்கடுக்காகச் சேர்ந்துவிடும். 4 ஜிபி நினைவகம் உள்ள இயந்திரம் அதற்குள் மூச்சுவிடத் திணறும். ஐயமிருந்தால் மதிய இடைவேளையில் ஏதாவது ஒரு கணினியில் நிர்வாகியாக நுழைந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து, யூசர்ஸ் பகுதியைப் பாருங்கள். காலையில் வந்து போனவர்களின் பெயர்கள் 'டிஸ்கனெக்டட்' என்ற குறிப்போடு வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது பிடித்து வைத்திருக்கும் நினைவகத்தின் அளவும் தெரியும். தலைமை ஆசிரியரிடம் அந்தத் திரையைக் காட்டினால் வேறு விளக்கம் தேவைப்படாது.

வேறு பயனர் நுழையும் வசதியை மட்டும் நீக்கிவிட்டுப் பூட்டை விட்டுவைத்தால் நிலைமை இன்னும் மோசம். அடுத்த பிள்ளைக்கு எதிரே முன்னவரின் பெயரும் கடவுச்சொல் கட்டமும் மட்டும்தான் இருக்கும். பிள்ளைகள் என்ன செய்வார்கள்? பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுவார்கள். முன்னவரின் வேலையும் போகும், நாளடைவில் வட்டும் கெடும். ஆகவே பொதுக் கணினியில் குறிக்கோள் கணக்கை முடிப்பதுதான். பூட்டு அதற்கு ஒரு படியாக மட்டும் இருக்கலாம்.

முதல் வேலை: யார் பெயரில் நுழைகிறார்கள்?

எல்லாப் பிள்ளைகளும் 'ஸ்டூடன்ட்' என்ற ஒரே கணக்கில் நுழைகிற ஆய்வகமும் உண்டு, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உள்ள ஆய்வகமும் உண்டு. உங்களுடையது எது என்பதைப் பொறுத்துத்தான் மீதி எல்லாம்.

தனிக் கணக்கு இருந்தால், விண்டோஸிலிருந்து வெளியேற்றினாலே பெரும்பாலான பாதுகாப்பு வந்துவிடும். அடுத்தவர் தன் கணக்கில் நுழைவார். முன்னவரின் பிரவுசரும் கோப்புகளும் அவர் கண்ணில் படாது. ஒரே கணக்கு என்றால், விண்டோஸிலிருந்து வெளியேற்றி மறுபடி அதே கணக்கில் நுழையும்போது பிரவுசர் பழைய ஜிமெயிலோடு அப்படியே எழுந்து நிற்கும். வெளியேற்றம் நடந்தது, பயன் இல்லை. இந்த வகை ஆய்வகங்களுக்குப் பிரவுசர் பற்றிய பகுதிதான் உயிர்நாடி. அதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

முடிந்தால் தனிக் கணக்குகளுக்கு மாறிவிடுங்கள் என்பதே என் கருத்து. சர்வர் இருந்தால் ஆக்டிவ் டைரக்டரி (எல்லாக் கணக்குகளையும் சர்வரிலிருந்தே நிர்வகிக்கும் விண்டோஸ் வசதி), இல்லையென்றால் பள்ளியின் கூகுள் அல்லது மைக்ரோசாஃப்ட் கல்விக் கணக்குகள். ஆசிரியர்களுக்கு மட்டுமாவது தனிக் கணக்கு இன்றே வேண்டும். பிள்ளைகள் நுழையும் கணக்கிலேயே ஆசிரியர் எமிஸைத் திறப்பது எந்தப் பள்ளியிலும் நடக்கக் கூடாது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. பள்ளியில் உள்ள ஏறக்குறைய ஒவ்வொரு மாணவரின் விவரமும் குழந்தையின் விவரம்தான்.

இரண்டாவது வேலை: பிள்ளையின் உழைப்பைக் காப்பாற்றுவது

தானாக மூடும் ஏற்பாட்டைத் தொடங்குவதற்கு முன் ஆய்வகத்தில் எந்தெந்த மென்பொருள் புழங்குகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும், சேமிக்காமல் இருக்கும்போது கணக்கு மூடப்பட்டால் என்ன ஆகும் என்று நீங்களே செய்து பாருங்கள்.

கூகுள் டாக்ஸ் போன்றவை தட்டத் தட்டச் சேமித்துக்கொள்ளும், கவலையில்லை. பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் ஸ்கிராட்ச் இணையதளத்தில் கணக்கோடு நுழைந்திருந்தால் அதுவும் அவ்வப்போது சேமிக்கும். ஆனால் கணினியில் நிறுவிய ஸ்கிராட்ச் செயலி அப்படிச் செய்வதில்லை. ஒரு பிள்ளை ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்து பூனையை நடக்க வைத்து, பேச வைத்து, கோப்பாகச் சேமிக்காமல் எழுந்து போனால் அத்தனையும் போய்விடும். அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்கு வரும்போது இருக்கும் முகத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்கிராட்ச் வகுப்பில் முதல் ஐந்து நிமிடத்துக்குள் பெயரிட்டுச் சேமிக்கச் சொல்வதைப் பாடத்தின் பகுதியாகவே ஆக்கிவிடுங்கள்.

லிப்ரே ஆஃபிஸில் டூல்ஸ் பட்டியலில் ஆப்ஷன்ஸ் திறந்து, 'லோடு/சேவ்' கீழே 'ஜெனரல்' பகுதிக்குச் செல்லுங்கள். மீட்புத் தகவலை எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை சேமிப்பது என்ற இடம் இருக்கும். வழக்கமாக 10 நிமிடம் என்றிருக்கும். அதை 2 ஆக்குங்கள். அதை ஒட்டியே, ஆவணத்தையும் சேர்த்துத் தானாகச் சேமிக்கும் தேர்வு உண்டு, அதையும் குறியிடுங்கள். இதுவும் ஒரு முறையாவது பெயரிட்ட கோப்புக்கே முழுப் பயன் தரும். மைக்ரோசாஃப்ட் வேர்டிலும் மீட்பு இடைவெளி 10 நிமிடம்தான். ஆப்ஷன்ஸில் 'சேவ்' பகுதியில் குறைக்கலாம். ஒன்டிரைவில் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்) வைத்த கோப்பு என்றால் தானாகச் சேமிக்கும் வசதியே கிடைக்கும்.

சேமிக்கும் இடமும் முக்கியம். தனிக் கணக்குகளும் சர்வரும் இருந்தால் டாக்குமென்ட்ஸ் கோப்புறையைச் சர்வருக்குத் திருப்பிவிடுங்கள். பிள்ளை நாளை எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் கோப்பு இருக்கும். முன்பு உட்கார்ந்த இயந்திரமே வேண்டும் என்று அடம்பிடிக்கிற வழக்கமும் நின்றுபோகும்.

எத்தனை நிமிடம்?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. பாடவேளை 40 அல்லது 45 நிமிடம் என்ற பள்ளியில், வகுப்பு ஆய்வகத்துக்கு 10 நிமிடம் என்று தொடங்குவது நல்லது. ஆசிரியர் கரும்பலகையில் எதையாவது விளக்கும்போது பிள்ளைகள் கீபோர்டைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அது பெரும்பாலும் ஐந்தாறு நிமிடத்தைத் தாண்டாது. நூலகத்தில் புத்தகம் தேடும் கணினிக்கு 3 நிமிடம் போதும். அங்கே யாரும் எதையும் எழுதுவதில்லை. ஆசிரியர் ஓய்வறையில் 15 நிமிடம். அங்கே இன்னும் குறைக்கலாமே என்று தோன்றும். ஆனால் விடைத்தாளைப் பார்த்துப் பார்த்து மதிப்பெண் ஏற்றுகிறவரை அடிக்கடி வெளியே தள்ளினால், அவர் கடவுச்சொல்லைத் தாளில் எழுதித் திரையில் ஒட்டிவிடுவார்.

மணி அடித்த இரண்டு நிமிடத்தில் அடுத்த வகுப்பு வருகிறது என்றால் 10 நிமிட ஏற்பாடு அந்த இடைவெளியைக் காக்காது. உண்மைதான். அந்த இரண்டு நிமிடத்தைக் காப்பது ஆசிரியரின் குரல்தான். பாடவேளை முடிய மூன்று நிமிடம் இருக்கும்போதே "சேமியுங்கள், வெளியேறுங்கள்" என்று சொல்ல வேண்டும். மதிய உணவு நேரத்திலும் ஆசிரியர் வராத பாடவேளையிலும் மாலையிலும் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குகளைத்தான் இந்த ஏற்பாடு காக்கும்.

விண்டோஸ்: கூடுதல் மென்பொருள் இல்லாமல்

இந்த வழி விண்டோஸ் 10, 11 இரண்டிலும் புரோ அல்லது எஜுகேஷன் பதிப்புகளுக்குப் பொருந்தும். ஹோம் பதிப்பில், கணினிக்கான விதிகளை (பாலிசி) அமைக்கும் பாலிசி எடிட்டர் கிடையாது. யாரும் தொடாவிட்டால் கணினி பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டிக்கொண்ட அந்தக் கணமே கணக்கு மூடப்பட வேண்டும். இந்த இரண்டையும் விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளைக் கொண்டே இணைத்துவிடலாம்.

1. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி' என்று தேடித் திறங்கள். அதில் 'லோக்கல் பாலிசிஸ்', அதற்குள் 'செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்'. வலப்பக்கப் பட்டியலில் 'இன்டராக்டிவ் லாகான்: மெஷின் இன்ஆக்டிவிட்டி லிமிட்' என்ற வரியைத் திறங்கள். நேரத்தை நொடிக் கணக்கில் கொடுக்க வேண்டும். 10 நிமிடம் என்றால் 600. இது கணினியைப் பூட்ட மட்டுமே செய்யும், வெளியேற்றாது.

2. 'குரூப் பாலிசி எடிட்டர்' திறந்து, கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் என்று வரிசையாக உள்ளே செல்லுங்கள். 'ஹைட் என்ட்ரி பாயின்ட்ஸ் ஃபார் ஃபாஸ்ட் யூசர் ஸ்விட்சிங்' என்பதை 'எனேபிள்டு' ஆக்குங்கள். ஒரு கணக்கின் மேல் இன்னொரு கணக்கு ஏறி உட்காருவது இதோடு நிற்கும்.

3. 'டாஸ்க் ஷெட்யூலர்' திறந்து 'கிரியேட் டாஸ்க்' கொடுங்கள். 'கிரியேட் பேசிக் டாஸ்க்' வேண்டாம், அதில் நமக்கு வேண்டிய தேர்வுகள் இல்லை. முதல் பக்கத்தில் ஒரு பெயர் கொடுத்து, 'சேஞ்ச் யூசர் ஆர் குரூப்' அழுத்தி, 'யூசர்ஸ்' என்ற குழுவைத் தேர்ந்தெடுங்கள். மாணவர்களுக்கென்று தனிக் குழு இருந்தால் அதைக் கொடுப்பது இன்னும் நல்லது. இதை மறந்து நிர்வாகியின் பெயரிலேயே விட்டுவிட்டால், மாணவர் கணக்கில் இந்தப் பணி ஓடவே ஓடாது. 'ஏன் வேலை செய்யவில்லை' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில்.

4. 'டிரிகர்ஸ்' பக்கத்தில் புதிய ஒன்றைச் சேர்த்து, 'ஆன் வொர்க்ஸ்டேஷன் லாக்' என்பதையும் 'எனி யூசர்' என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

5. 'ஆக்ஷன்ஸ்' பக்கத்தில் 'ஸ்டார்ட் எ புரோகிராம்'. நிரல் கட்டத்தில் விண்டோஸின் ஷட்டவுன் கட்டளையின் பெயரை ஆங்கிலத்தில் தட்டுங்கள். அதற்குக் கீழே உள்ள 'ஆட் ஆர்கியுமென்ட்ஸ்' கட்டத்தில் வலப்பக்கம் சாய்ந்த கோடு, அதை ஒட்டி ஆங்கில எழுத்து எல். வெளியேறு என்பதற்கான குறி அது. எல்லுக்குப் பதில் எஸ் தட்டிவிட்டால் கணினியே அணைந்துவிடும்; கவனம்.

6. 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில், மின்சாரத்தில் ஓடும்போது மட்டும் தொடங்கு என்ற குறியை எடுத்துவிடுங்கள். மடிக்கணினிகள் உள்ள ஆய்வகத்தில் இதை விட்டுவிட்டால் பேட்டரியில் ஓடும்போது எதுவும் நடக்காது.

ஒரு முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும். சேமிக்காத ஆவணம் திறந்திருந்தால் அந்த மென்பொருள் 'சேமிக்கவா?' என்று கேட்டு நிற்கும். வெளியேற்றமும் பாதியில் நின்றுவிடும். எல்லுக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு இன்னொரு சாய்கோடும் ஆங்கில எஃப் எழுத்தும் சேர்த்தால் எதையும் கேட்காமல் மூடிவிடும். சேமிப்பு ஏற்பாடுகளை முடித்த ஆய்வகத்தில் மட்டும் எஃப் சேருங்கள். மற்ற இடங்களில், பாதியில் நிற்கும் கணினி சில இருந்தாலும் பரவாயில்லை. பிள்ளையின் வேலையை அழிப்பதைவிட அது மேல்.

இந்த வழியில் ஒரு குறை உண்டு. விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் கணினி பூட்டிக்கொள்ளும். நம் ஏற்பாட்டில் பூட்டினாலே வெளியேற்றம். பக்கத்து இருக்கைப் பையன் கையை நீட்டி இரண்டு விசையை அழுத்தினால் இவன் கணக்கு மூடிக்கொள்ளும். பிள்ளைகள் இதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகாது. கண்காணிப்பு உள்ள சிறிய ஆய்வகத்தில் சமாளிக்கலாம். கணினிகள் அதிகமாக உள்ள இடத்துக்கு அடுத்து வரும் வழியே ஏற்றது.

விண்டோஸ்: தனிக் கருவி கொண்டு

சும்மா இருக்கும் நேரத்தை அளந்து வெளியேற்றுவதற்கென்றே எழுதப்பட்ட இலவசக் கருவிகள் இருக்கின்றன. அவற்றில் லித்நெட் ஐடில் லாகாஃப் என்ற திறமூலக் கருவியைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு பயனரும் நுழையும்போது அமைதியாகத் தொடங்கி, கடைசியாகக் கீபோர்டோ மவுஸோ தொடப்பட்ட நேரத்தைக் கவனிக்கும். எத்தனை நிமிடம், அதன் பிறகு வெளியேற்றுவதா அணைப்பதா என்பதையெல்லாம் குரூப் பாலிசி வழியாகவே எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து சொல்லிவிடலாம். 'சிறிது நேரத்தில் வெளியேற்றப்படுவீர்கள்' என்ற முன்னெச்சரிக்கையையும் காட்டச் செய்யலாம். முதல் வழியில் கிடைக்காத இந்த எச்சரிக்கைக்காகவே இதை நிறுவலாம். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை மவுஸை ஒரு முறை அசைத்தால் போதும்.

காணொளி பார்க்கும் வகுப்புகளைப் பற்றி இங்கே யோசித்துவிடுங்கள். 20 நிமிடக் காணொளியைப் பார்க்கும் பிள்ளை எதையும் தொடுவதில்லை. திரையை அணைக்காதே என்று மென்பொருள்கள் விண்டோஸிடம் கேட்டுக்கொள்வது உண்டு. காணொளி ஓடும்போது பிரவுசர் அப்படித்தான் கேட்கும். அந்த வேண்டுகோளை மதிப்பதா புறக்கணிப்பதா என்ற தேர்வு இக்கருவியில் உண்டு. வகுப்பறைக் கணினியில் மதிக்கச் சொல்லுங்கள். நூலகக் கணினியில் புறக்கணிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் யாரோ ஓடவிட்டுப் போன பாட்டு அந்தக் கணக்கை மாலைவரை திறந்தே வைத்திருக்கும்.

சர்வர் உள்ள பள்ளிகளில் ஆய்வகம், நூலகம், ஆசிரியர் அறை என்று கணினிகளைத் தனித்தனிப் பிரிவுகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாலிசி கொடுங்கள். மொத்தத்துக்கும் ஒரே பாலிசி கொடுத்தால் முதலில் அகப்படுவது புரொஜெக்டரோடு இணைத்த ஆசிரியர் கணினியாகத்தான் இருக்கும்.

வேலைக்கு ஆகாத வழிகள்

தேடினால் கிடைக்கும் பரிந்துரைகளில் சில நேரத்தை வீணடிப்பவை. டாஸ்க் ஷெட்யூலரில் 'ஆன் ஐடில்' என்ற தூண்டுதல் இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் இதுதான் நமக்கு வேண்டியது என்று தோன்றும். ஆனால் அது ஆள் இல்லை என்பதோடு பிராசஸரும் வட்டும் ஓய்வாக இருக்கின்றனவா என்பதையும் பார்க்கிறது. பின்னணியில் வைரஸ் சோதனையோ அப்டேட்டோ ஓடினால் கணினி ஓய்வாக இல்லை என்று முடிவுசெய்துவிடும். எத்தனை நிமிடம் என்று கொடுக்கும் கட்டம் திரையில் இருந்தாலும் புதிய விண்டோஸ் பதிப்புகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது.

ரிமோட் டெஸ்க்டாப் பாலிசிகளில் 'ஐடில் செஷன்' நேர வரம்பு உண்டு. தொலைவிலிருந்து இணைந்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். இருக்கையில் உட்கார்ந்து நுழைந்தவரை ஒன்றும் செய்யாது. தின் கிளையன்ட் (சர்வரின் திரையை மட்டும் காட்டும் சிறு கணினி) வைத்து, எல்லோரும் ஒரே சர்வருக்குள் நுழையும் ஆய்வகத்துக்கு மட்டும் அது மிகப் பொருத்தமான வழி.

'ஃபோர்ஸ் லாகாஃப் வென் லாகான் அவர்ஸ் எக்ஸ்பயர்' என்ற பாலிசியும் இப்படித்தான். அனுமதித்த நேரம் முடிந்ததும் சர்வரின் கோப்புப் பகிர்வுத் தொடர்பைத் துண்டிக்கும்; கணினி முன் இருப்பவரை வெளியேற்றாது. அந்தக் காலத்து வின்எக்ஸிட் ஸ்கிரீன் சேவரை இன்றும் சிலர் சொல்வார்கள். விண்டோஸ் என்டி, 2000 காலக் கருவித் தொகுப்பில் வந்தது. இன்றைய கணினிகளில் அதை ஓட்டவைப்பதற்காகப் பாதுகாப்பு அனுமதிகளைத் தளர்த்துவது சரியல்ல.

பிரவுசர்

எல்லோரும் ஒரே கணக்கில் நுழைகிற ஆய்வகம் என்றால் இந்தப் பகுதியை இன்றே செய்துவிடுங்கள். எளிய வழி, குரோமை எப்போதும் விருந்தினர் நிலையில் திறக்கச் செய்வது. டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் குறுக்குவழியின் மேல் வலப்பக்கச் சொடுக்கு, 'பிராபர்டீஸ்', 'டார்கெட்' கட்டம். அங்கே இருக்கும் வரியின் கடைசியில், மேற்கோள் குறிக்கு வெளியே, ஓர் இடைவெளி விட்டு இரண்டு சிறுகோடுகளும் அவற்றை ஒட்டி ஆங்கிலத்தில் கெஸ்ட் என்ற சொல்லும் தட்டுங்கள். இந்த நிலையில் சன்னல்களை மூடியதும் வரலாறு, குக்கி, நுழைந்திருந்த கணக்கு எல்லாம் போய்விடும். டாஸ்க்பாரிலும் ஸ்டார்ட் பட்டியலிலும் இருக்கும் வேறு குரோம் குறுக்குவழிகளை நீக்க மறக்காதீர்கள். பிள்ளைகள் அதைத்தான் அழுத்துவார்கள். பாலிசி வழியாகவே விருந்தினர் நிலையைக் கட்டாயமாக்க முடியும் என்றால் அதுவே உறுதியானது.

ஃபயர்ஃபாக்ஸில் பிரைவசி பகுதியில், மூடும்போது குக்கிகளையும் தளத் தரவையும் அழிக்கும் தேர்வு இருக்கிறது. எட்ஜிலும் மூடும்போது எதையெல்லாம் அழிப்பது என்ற பட்டியல் உண்டு. எதை வைத்தாலும், கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்கும் வசதியை அணையுங்கள். பிள்ளைகள் படிக்காமலே 'ஆம்' என்று அழுத்திவிடுகிறார்கள்.

கோப்புகள் தேங்குவதைத் தடுக்கவும் வழி இருக்கிறது. மறுதொடக்கம் செய்ததும் கணினியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள்களைச் சில பள்ளிகள் வைத்திருக்கின்றன. விண்டோஸின் எஜுகேஷன், என்டர்பிரைஸ் பதிப்புகளில் இதே வேலையைச் செய்யும் யூனிஃபைடு ரைட் ஃபில்டர் என்ற வசதியே உண்டு. இவை உள்ள ஆய்வகத்தில் வெளியேற்றம் மட்டும் போதாது. கணினி மறுதொடக்கம் ஆக வேண்டும். அப்போது பிள்ளைகளின் கோப்புகள் கணினியில் இருக்கவே கூடாது, சர்வரிலோ இணையத்திலோதான் இருக்க வேண்டும்.

குரோம்புக், லினக்ஸ், மேக்

பள்ளி நிர்வாகத்தில் உள்ள குரோம்புக்குகளுக்கு இது சில நிமிட வேலை. கூகுள் அட்மின் கன்சோலில் குரோம் அமைப்புகளுக்குள் பயனர் பகுதியில் 'ஐடில் செட்டிங்ஸ்' இருக்கிறது. நிமிடத்தைக் கொடுத்து, செயலாக 'லாகவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூடியை மடித்தால் என்ன செய்வது என்பதற்கும் அதே இடத்தில் 'லாகவுட்' கொடுக்கலாம். வகுப்பு முடிந்து மடித்து அலமாரியில் வைக்கும் பழக்கம் உள்ள பள்ளிக்கு அது ஒன்றே பெரும் பாதுகாப்பு.

குனோம் திரைச்சூழல் உள்ள லினக்ஸில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. மின்சக்தி அமைப்புகளில், ஓய்வு நேரம் கடந்ததும் செய்ய வேண்டிய செயலுக்கு 'சஸ்பெண்ட்' என்பதற்குப் பதில் 'லாகவுட்' என்ற மதிப்பைக் கொடுக்கலாம். அமைப்புச் சன்னலில் இந்தத் தேர்வு தெரியாது. குனோமின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் டிகான்ஃப் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பயனருக்கும் தனியாகச் செய்யாமல், கணினி முழுமைக்கான டிகான்ஃப் தரவுத்தளத்தில் ஒரு கோப்பாக எழுதி, பயனர் மாற்ற முடியாதபடி பூட்டுக் கோப்பையும் சேர்த்து, டிகான்ஃப் புதுப்பிப்புக் கட்டளையை ஓட்டுங்கள். நேரத்தை நொடியில் கொடுக்க வேண்டும். மின்சாரத்துக்கும் பேட்டரிக்கும் தனித்தனி வரிகள், இரண்டையும் எழுதுங்கள்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் கீழே 'அட்வான்ஸ்டு'. ஓய்வுக்குப் பின் தானாக வெளியேற்று என்ற தேர்வும் நிமிடக் கட்டமும் அங்கே இருக்கின்றன. சேமிக்காத ஆவணம் இருந்தால் மேக்கும் நின்று கேட்கும்.

விலக்க வேண்டிய கணினிகள்

புரொஜெக்டரோடு இணைந்த ஆசிரியர் கணினியை விலக்குங்கள், அல்லது 45 நிமிடம் கொடுங்கள். படம் ஒன்றைத் திரையில் வைத்து ஆசிரியர் அரை மணி நேரம் பேசுவது இயல்பான வகுப்பு. இணையவழித் தேர்வு நடக்கும் நாட்களில் ஆய்வகம் முழுவதற்கும் ஏற்பாட்டை நிறுத்திவையுங்கள். கணக்கு ஒன்றைத் தாளில் போட்டுப் பார்க்கும் பிள்ளையைத் தேர்வின் நடுவே வெளியே தள்ளக் கூடாது. பார்வைக் குறைபாடு அல்லது கை அசைவில் சிரமம் உள்ள மாணவர்களுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். தனிக் கணக்கு இருந்தால் அவர்களுக்கென்று ஒரு குழு அமைத்து அதற்கு மட்டும் நீண்ட நேரம் கொடுப்பது எளிது. கேட்கும்வரை காத்திருக்காமல் முதலிலேயே செய்துவிடுங்கள்.

சோதனையும் நடைமுறையும்

ஒரே ஒரு கணினியில் தொடங்குங்கள். நேரத்தை 2 நிமிடமாகக் குறைத்து, மாணவர் கணக்கில் நுழைந்து, கைகட்டிக் காத்திருங்கள். வெளியேறியதா? அடுத்து சேமிக்காத ஆவணத்தோடு ஒரு முறை, காணொளி ஓடும்போது ஒரு முறை, மடிக்கணினி என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு ஒரு முறை. கடைசியாக நிர்வாகியாக நுழைந்து டாஸ்க் மேனேஜரில் பழைய கணக்கு எதுவும் தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரி என்றால் நேரத்தை உரிய அளவுக்கு ஏற்றி, ஒரு வரிசைக் கணினிகளுக்கு, பிறகு ஆய்வகம் முழுவதற்கும் கொண்டுபோங்கள்.

மாலை நேரத்துக்குத் தனியாக ஒரு பணி வேண்டும். டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் கழித்து ஓடும்படி இன்னொரு பணி அமைத்து, அதே ஷட்டவுன் கட்டளைக்குச் சாய்கோடு எஸ், இடைவெளி, சாய்கோடு டி, இடைவெளி, 300 என்று கொடுங்கள். ஐந்து நிமிட அவகாசத்தோடு கணினி அணையும். யாராவது உட்கார்ந்திருந்தால் அறிவிப்பும் வரும். இந்தப் பணியை மட்டும் 'சிஸ்டம்' கணக்கின் பெயரில் ஓடவிடுங்கள். யாரும் நுழையாத கணினியும் அப்போதுதான் அணையும்.

தொடங்கும் வாரத்தில் எல்லா ஆசிரியர்களிடமும் பேசிவிடுங்கள். ஒவ்வொரு கணினியின் திரைக்குக் கீழும் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: "10 நிமிடம் தொடாவிட்டால் இந்தக் கணக்கு மூடப்படும். முதலில் சேமியுங்கள். முடிந்ததும் நீங்களே வெளியேறுங்கள்." புகார்களை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கணினி, எந்தப் பாடவேளை, என்ன செய்துகொண்டிருந்தார்கள். ஒரே பாடவேளையில் புகார் திரும்பத் திரும்ப வந்தால் அந்த வகுப்பு நடக்கும் விதத்துக்கு நேரம் போதவில்லை என்று பொருள். 15 நிமிடமாக ஏற்றுங்கள். இரண்டு வாரம் ஒரு புகாரும் வரவில்லை என்றால், ஏற்பாடு உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று டாஸ்க் ஷெட்யூலரில் அந்தப் பணி கடைசியாக ஓடிய நேரத்தைப் பாருங்கள்.